பன்னீர்ச் செம்புக்கு எந்தப் பெட்டி? வெல்வெட்டா, மரமா, நுரையா?

"பாட்டி காலத்து வெள்ளிப் பன்னீர்ச் செம்பு. பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் கிடக்கிறது. அதற்கென்று அளவாக ஒரு பெட்டி செய்துவிடலாம் என்று பார்க்கிறேன். நகைப்பெட்டி செய்கிறவரிடம் கொடுக்கவா, ஆசாரியிடம் சொல்லவா? இல்லை, கேமராவுக்கு விற்கிறார்களே கறுப்புப் பெட்டி, அதை வாங்கிவிடவா?"

போன கல்யாண சீசன் முடிந்த பிறகு மட்டும் மூன்று பேர் இதையே வேறு வேறு வார்த்தைகளில் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்குச் செம்பு, ஒருவருக்குக் கூஜா, இன்னொருவருக்குச் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் சேர்ந்த தட்டு. சாமான் மாறினாலும் சிக்கல் ஒன்றுதான். செம்பை வைத்தே சொல்கிறேன். அடியில் பீடம், நடுவில் குண்டு வயிறு, மேலே ஒல்லியான நீளக் கழுத்து, உச்சியில் துளை போட்ட மொட்டு. பெட்டி செய்வதற்கு இதைவிடச் சங்கடமான வடிவம் கிடைக்காது. இதற்குச் சரிப்படுவது மற்றதற்கும் சரிப்படும்.

நான் முதலில் செய்தது தப்பு. எங்கள் வீட்டுச் செம்பை நகைப்பெட்டி செய்கிற ஒருவரிடம் எடுத்துப் போனேன். அளவெடுத்து, ரத்தச் சிவப்பில் வெல்வெட் ஒட்டி, பித்தளைக் கொக்கியோடு ஒரு பெட்டி செய்து கொடுத்தார். 1,800 ரூபாய். பார்க்க ராஜவைபோகம். இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தால், பெட்டியின் பள்ளம் தொட்ட இடம் மட்டும் செம்பின் வயிற்றில் பட்டை பட்டையாகக் கறுத்திருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், பூஜை அலமாரியில் சும்மா திறந்தே இருந்த சந்தனக் கிண்ணம் அதைவிட வெளுப்பாக இருந்தது.

## வெள்ளி ஏன் கறுக்கிறது

இரும்பு துருப்பிடிப்பது போல வெள்ளி ஆக்சிஜனால் கெடுவதில்லை. அதன் எதிரி கந்தகம். காற்றில் மிக மிகச் சொற்ப அளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்களோடு சேர்ந்து மேலே வெள்ளி சல்ஃபைடு என்ற கறுப்புப் படலமாகிறது. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு நீலம் கலந்த கறுப்பு. ஈரம் கூடினால் இந்த வேலை வேகம் பிடிக்கும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் மழைக்கால ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம்.

இந்தக் கந்தகம் சாக்கடையிலிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் மட்டும் வருவதில்லை. பெட்டிக்குள் நாமே போடும் சாமான்களிலிருந்தும் வரும். கம்பளி, கம்பளியில் செய்த ஃபெல்ட், ரப்பர், சில சாயங்கள், சில பசைகள் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி. ரப்பர் பேண்டை வெள்ளிக் கரண்டிக் கட்டின் மேல் போட்டு வைத்தவர்களுக்குத் தெரியும், அதன் தடம் சூடு போட்ட மாதிரி விழும். நடுவில் ஒரு காகிதம் இருந்தாலும் விழும்.

கறுத்தால் என்ன, விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுமே என்பார்கள். ஆகும். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் கறுத்துப்போன வெள்ளியும் அதோடு கொஞ்சம் நல்ல வெள்ளியும் சேர்ந்தே போகிறது. நூறு வருஷம் தேய்பட்ட செம்புகளில் மயிலின் கண்ணும் கொடியின் நரம்பும் மழுங்கிப்போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி கீழே விழாமல் காப்பதற்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தேய்க்க வேண்டிய தேவையைத் தள்ளிப்போடுவதுதான் அதற்கு முதல் வேலை. வருஷத்தில் ஐந்து நாள் வெளியே இருக்கும் சாமான், மிச்சம் 360 நாள் எதைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

எந்தப் பெட்டியாக இருந்தாலும் நான் பார்ப்பது இவ்வளவுதான்.

முதலில், வெள்ளியைத் தொடுவது எது. வெளிப்பக்கம் தேக்கா பிளாஸ்டிக்கா என்பது இரண்டாம்பட்சம். உள்ளே இருக்கும் துணி, நுரை, பசை என்னென்ன வாயு விடும்?

அடுத்து, பாரம் எங்கே இறங்குகிறது. செம்பின் கழுத்தும் வயிறும் சேரும் இடம்தான் அதன் பலவீனம். பெரும்பாலும் அங்கே மரை இருக்கும், அல்லது பற்றவைத்திருப்பார்கள். பாரம் பீடத்திலும் வயிற்றிலும் இறங்க வேண்டும். கழுத்து சும்மா சாய்ந்திருந்தால் போதும்.

மூன்றாவது ஈரம். பெட்டி எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் வைக்க இடம் இருக்கிறதா?

அப்புறம் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பது. இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. 30 சென்டிமீட்டர் செம்புக்கு ஆசாரி செய்யும் பெட்டி சுலபமாக 40 சென்டிமீட்டர் நீளத்துக்குப் போய்விடும். வங்கி லாக்கரில் வைப்பவர்கள் முதலில் லாக்கரின் உள் அளவை டேப் வைத்து எடுத்துக்கொண்டு வர வேண்டும். பெட்டி நுழையாமல் பெரிய லாக்கருக்கு மாறினால் வருஷா வருஷம் வாடகை கூடும். அதுதான் பெட்டியின் நிஜ விலை. லாக்கரில் வைத்துவிட்டால் முழுக் காப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம்.

கடைசியாக, எத்தனை முறை எடுப்பீர்கள். கல்யாணத்துக்குக் கல்யாணம் எடுக்கிறவருக்கும் பேத்திக்காகப் பூட்டி வைக்கிறவருக்கும் ஒரே பெட்டி சரிவராது.

## 1. நகைப்பெட்டிக்காரரின் வெல்வெட் பெட்டி

எளிதில் கிடைப்பது இதுதான். ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அழகு என்று பார்த்தால் இதற்குப் போட்டியே இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். (நான் கோபத்தில் பிரித்தேன்.) சட்டம் எம்.டி.எஃப் பலகை. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்வது. அந்தப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு பல வருஷம் மெல்ல வெளியேறும். பள்ளம் எழுப்பியிருப்பது ஸ்பாஞ்ச், அதாவது பாலியூரிதேன் நுரை. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் அது சில வருஷத்தில் மஞ்சளாகி, பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகும். அந்தப் பிசுக்கு செதுக்கு வேலையின் இடுக்கில் ஏறிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. அதன் மேல் ரப்பர் பசை. அதன் மேல் சாயம் போட்ட வெல்வெட். வெளியே ரெக்சின் ஒட்டினால் அது பி.வி.சி; பழசாகும்போது அமில வாயு விடும் ரகம். வெள்ளிக்கு ஆகாதவற்றை ஒன்றுவிடாமல் சேர்த்து, மேலே கொக்கி போட்டுப் பூட்டிய மாதிரி இருந்தது.

இறுக்கமாக மூடும் பெட்டி நல்லது என்று சொல்வோம். உள்ளே இருப்பது நல்ல சாமானாக இருந்தால்தான் அது நல்லது. இல்லாவிட்டால் விஷத்தையும் செம்பையும் ஒரே அறையில் பூட்டியதாகிவிடும்.

எப்போது இது சரி? சீர்த்தட்டில் வைத்துக் கொடுக்கும் அன்றைக்கு. சபையில் திறந்து காட்ட ஒரு பெட்டி வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். விசேஷம் முடிந்ததும் செம்பை வெளியே எடுத்துவிடுங்கள்.

## 2. ஆசாரி செய்யும் மரப்பெட்டி

எனக்கு மனசு சாய்வது இந்தப் பக்கம்தான். பூச்சிக்கும் ஈரத்துக்கும் தேக்கு தாக்குப்பிடிக்கும். மூலைகளை ஒன்றுக்குள் ஒன்று கோர்த்து ஆணி இல்லாமல் செய்த பெட்டி இரண்டு தலைமுறை நிற்கும். கீழே விழுந்தாலும் அடியை மரம் வாங்கிக்கொள்ளும்.

ஆனால் மரமும் மூச்சு விடுகிறது. எல்லா மரமும் கொஞ்சமாவது அசிட்டிக் அமில வாயு விடும். ஓக் இதில் பேர்போன மோசம். மகாகனி அந்த அளவுக்கு இல்லை. தேக்கு நடுவாந்தரம். சுத்த வெள்ளிக்கு இந்த அமிலத்தால் நேரடி ஆபத்து குறைவு. ஆனால் பழைய செம்பில் ஈயம் கலந்த பற்று இருந்தால், உள்ளே பாரத்துக்கு ஈயம் ஊற்றியிருந்தால், அதைத்தான் முதலில் தின்னும். வெள்ளைப் பொடி பூத்து நிற்கும்.

ஆசாரியிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. நன்றாகக் காய்ந்து பழசான மரமாக இருக்கட்டும். பழைய கதவு நிலை, கட்டில் சட்டம் கிடைத்தால் உத்தமம். பச்சை மரத்தில் செய்தால் கோடையில் மூடி திருகிக்கொள்ளும். உள்பக்கம் எந்தப் பாலிஷும் அடிக்கக் கூடாது. வெளிப்பக்கம் அரக்குப் பாலிஷ் போதும். மெலமைன் பாலிஷ் அடித்துத்தான் பழக்கம் என்பார். கண்ணாடி மாதிரி மின்னும், ஆனால் அதிலும் ஃபார்மால்டிஹைடு உண்டு. அடிமூடிக்கு பிளைவுட் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை முடிந்த பெட்டியைத் திறந்தபடி ஒரு மாதமாவது காற்றாட வையுங்கள். திறந்ததும் பாலிஷ் வாசனை மூக்கில் ஏறுகிற வரைக்கும் செம்பை உள்ளே வைக்க வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு எடை. ஒன்றரை கிலோ செம்புக்கு நாலு கிலோ பெட்டி. அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, பீரோவின் மேல்தட்டிலிருந்து இதை இறக்க வேண்டும் என்றால் பெட்டியே ஆபத்தாகிவிடும்.

உள்ளே வெல்வெட் பள்ளம் செய்யச் சொல்லாதீர்கள். வெறும் பெட்டியாக, அளவில் நாலா பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் தாராளமாக விட்டு வாங்குங்கள். உள் வேலையை நாலாவது வழியில் சொல்கிறேன்.

## 3. கேமராவுக்கு விற்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி

கறுப்பாக, சுற்றிலும் வளையம் போட்டு, தண்ணீர் புகாமல் மூடும் பெட்டி. எடை குறைவு, அடி தாங்கும், ஈரத்தை உள்ளே விடாது. காரில், ரயிலில் அடிக்கடி கொண்டுபோக வேண்டியிருந்தால் இதற்கு ஈடில்லை. நல்லவற்றின் கூடு பாலிபுரோப்பிலீன். வெள்ளிக்கு அதனால் கெடுதல் இல்லை.

வில்லங்கம் உள்ளே வரும் நுரை. கட்டம் கட்டமாகப் பிய்த்தெடுக்கிற அந்தக் கறுப்பு நுரை பெரும்பாலும் பாலியூரிதேன்தான், அதாவது முன்னே சொன்ன ஸ்பாஞ்சின் உறவுக்காரன். கேமராவை ஐந்து வருஷத்தில் மாற்றிவிடுவோம், அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. பாட்டி செம்பை மாற்ற முடியாது. நுரை இல்லாத வெறும் கூடாகவே விற்கிறார்கள். அதை வாங்கி உள் வேலையை நீங்களே செய்தால் இது மிக நல்ல தேர்வு. நுரையோடுதான் கிடைக்கிறது என்றால் அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்து, அதைத் தூக்கிப் போடுகிற செலவையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு தொல்லை, பார்த்தவுடன் உள்ளே ஏதோ விலையுயர்ந்தது இருக்கிறது என்று இந்தப் பெட்டியே ஊருக்குச் சொல்லும். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் என்ன சார் உள்ளே என்று கேட்காமல் இருக்க மாட்டார்.

பயணம் என்றதும் ஞாபகம் வருவது, கேட்ட மூவரில் ஒருவர் கனடாவில் இருப்பவர். ஊரிலிருந்து செம்பை எடுத்துப்போகத்தான் பெட்டி கேட்டார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை இந்தியாவிலிருந்து தனியார் வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் கொடுப்பதில்லை. சாமானுக்கு அவ்வளவு வயதில்லை என்றால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். பெட்டி அதற்கப்புறம்.

## 4. வெள்ளை நுரையில் நாமே குடைந்து செய்வது

அருங்காட்சியகங்களின் சேமிப்பறையில் பாருங்கள், வெல்வெட் இருக்காது. வெள்ளை வெளேரென்று பாலிஎத்திலீன் நுரையில் சாமானின் வடிவத்துக்குக் குடைந்து, அதில் படுக்க வைத்திருப்பார்கள். புது டிவி, ஃபிரிட்ஜ் பெட்டியில் வருகிறதே, மெழுகு மாதிரி வழவழப்பான வெள்ளை நுரை, ஈ.பி.ஈ. என்று பேக்கிங் சாமான் கடையில் கேட்டால் தருவார்கள். அது அந்தக் குடும்பம்தான்.

அடையாளம் தெரிந்துகொள்வது முக்கியம். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் குடித்தால் ஸ்பாஞ்ச், வேண்டாம். நசுக்கினால் வெள்ளை முத்துமுத்தாக உதிர்ந்தால் தெர்மோகோல், அதுவும் வேண்டாம். ரப்பர் மாதிரி இழுவையாக, கலர் கலராக வருவது ஈ.வி.ஏ, பிள்ளைகளின் கைவேலைக்குச் சரி, வெள்ளிக்கு ஆகாது, அசிட்டிக் அமிலம் விடும். இளஞ்சிவப்பாக இருப்பது மின்னணுச் சாமான்களுக்காக மருந்து கலந்தது, அதையும் தள்ளுங்கள். சாயமே இல்லாத வெள்ளைதான் நமக்கு. வாங்கியதும் ஒரு வாரம் பால்கனியில் காற்றாடப் போடுங்கள். நுரை எழுப்பப் பயன்படுத்திய வாயு மிச்சம் இருக்கும்.

செய்முறை கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். செம்பின் கழுத்து மரையில் கழல்கிறதா பாருங்கள். கழன்றால் அது வரம். பீடத்தோடு வயிறு ஒரு பள்ளத்தில், கழுத்து பக்கத்துப் பள்ளத்தில் என்று பிரித்து வைத்தால் பெட்டி பாதி நீளத்துக்கு வந்துவிடும். முறுக்கிக் கழற்ற முயன்று அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள். நூறு வருஷ மரையோடு மல்லுக்கட்டினால் நமக்குத்தான் நஷ்டம்.

அளவெடுக்க இரும்பு ஸ்கேலை வெள்ளியில் வைக்க வேண்டாம். வயிற்றைச் சுற்றி நூல் ஓட்டி, அந்த நீளத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். அட்டையில் பாதி வடிவம் வெட்டி, செம்போடு வைத்து வைத்துப் பார்த்துத் திருத்துங்கள். அதுதான் அச்சு. ஒரே தடிமனான நுரையைக் குடைவதைவிட, 25 மில்லிமீட்டர் தாள்களை அடுக்கி ஒவ்வொன்றிலும் தனித்தனி அளவில் வெட்டுவது சுலபம். கட்டர் கத்தியில் புது அலகு போட்டு, அறுக்காமல் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். படிப்படியாக இருக்கும் விளிம்புகளைச் சாய்வாகச் சீவிவிடுங்கள். பள்ளம் செம்பைவிடச் சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும், உள்ளே துணி வருமல்லவா. பாதிப் பள்ளம் அடியில், மீதிப் பாதி மூடிப் பக்கத்தில். படுக்க வைக்கும்போது வயிறு முழுக்க உட்கார வேண்டும், கழுத்தின் அடியில் நுரை தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும்.

எல்லோரும் மறப்பது, விரல் விட இடம். வயிற்றின் இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவுக்குப் பள்ளம் இல்லாவிட்டால், எடுப்பவர் கைக்கு எட்டும் கழுத்தைப் பிடித்துத்தான் தூக்குவார். அப்படித்தான் கழுத்து உடைகிறது. பெட்டிக்குள் வைத்து எடுக்கும்போதே!

உள்துணிக்கு வெள்ளை மல் துணி. புதுசில் கஞ்சி இருக்கும். சோப்போ வாசனைத் திரவமோ போடாமல் வெறும் வெந்நீரில் இரண்டு முறை அலசி, நன்றாகக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். துணியைப் பள்ளத்தில் ஒட்ட வேண்டியதில்லை. நுரைத் தாள்களின் இடுக்கில் ஸ்பூனின் பின்பக்கத்தால் செருகிவிட்டால் நிற்கும். பசை தேவைப்பட்டால் சூட்டுப் பசை, அதுவும் வெள்ளி தொடாத மூலைகளில் மட்டும்.

வெளிக்கூடு எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம்: சமையலறைக்கு வாங்கும் பெரிய பாலிபுரோப்பிலீன் டப்பா, ஆசாரி செய்த பெட்டி, கேமரா பெட்டியின் கூடு. மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் கழற்றிவிடுங்கள். சிலிகான் என்றால் இருக்கட்டும்.

காசு சில நூறுகளில் முடிந்துவிடும். நிஜச் செலவு நேரம்தான். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று, முதல் நுரை வீணானது தனி. கைவேலையில் பொறுமை இல்லாதவர்கள் தொடங்க வேண்டாம். அரைகுறையாகக் குடைந்த பள்ளத்தில் செம்பு ஆடிக்கொண்டே இருக்கும்.

## 5. பெட்டியே வேண்டாம், பை போதும்

கறுக்காமல் காக்கும் துணி என்று விற்கிறார்கள். பழுப்பாக இருக்கும், இழைகளில் நுண்ணிய வெள்ளித் துகள் ஏற்றியிருப்பார்கள். வரும் கந்தகத்தை அந்தத் துகள் முதலில் வாங்கிக்கொள்ளும். துவைக்கக் கூடாது. அதில் பை தைத்துச் செம்பைப் போட்டு, அதை பாலிதீன் ஜிப் கவரில் வைத்து மூடினால், கறுப்பைத் தடுக்கும் விஷயத்தில் பாதிப் பெட்டிகளை இது ஜெயித்துவிடும். சமையலறையில் சுற்றும் ஒட்டுப் படலத்தை மட்டும் உபயோகிக்காதீர்கள், அதில் பி.வி.சி. ரகமும் உண்டு. செய்தித்தாளும் வேண்டாம்.

அடி தாங்காது என்பதுதான் குறை. தட்டு, கும்பா, டம்ளர் மாதிரித் தடித்த சாமான்களுக்கு இதுவே போதும் என்பேன். செம்புக்குப் போதாது.

## பழைய பெட்டியே இருந்தால்?

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சாமி உருவங்களைப் புடைப்பாக அடித்த மெட்ராஸ் வெள்ளி வேலைப்பாடு வெள்ளைக்காரர்களிடம் 'சுவாமி' பாணி என்று பிரபலம். மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் அதில் பெயர் பெற்ற கடை. அந்தக் காலத்துக் கடைப் பெட்டியோடு ஒரு சாமான் உங்களிடம் இருந்தால், பெட்டியும் சொத்துதான். மூடியின் உள்பட்டில் கடைப் பெயர் அச்சிட்டிருந்தால் இன்னும் விசேஷம். உள்துணி நைந்திருக்கிறது என்று பிய்த்துப் புதுசு ஒட்டாதீர்கள். பெட்டியைத் தனியாக, சாமானைத் தனியாக வையுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | வெள்ளிக்குக் கெடுதல் | அடி தாங்குமா | ஈரம் | பின்னால் வரும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| வெல்வெட் பெட்டி | அதிகம் | ஓரளவு | சுமார் | அடிக்கடி தேய்ப்பு, பிசுக்கு | சபையில் காட்ட மட்டும் |
| மரப்பெட்டி (வெறும் உள்பக்கம்) | நடுத்தரம் | நன்றாக | சுமார் | எடை, பெரிய லாக்கர் | வீட்டிலேயே வைப்பவர் |
| கேமரா பெட்டி (வந்த நுரையோடு) | சில வருஷத்தில் அதிகம் | மிக நன்றாக | மிக நல்லது | நுரை மாற்றுவது | தற்காலிகப் பயணம் |
| வெள்ளை நுரை + டப்பா | மிகக் குறைவு | நன்றாக | நல்லது | உங்கள் நேரம் | லாக்கர், நீண்டகாலச் சேமிப்பு |
| துணிப்பை + ஜிப் கவர் | மிகக் குறைவு | தாங்காது | நல்லது | துணி மாற்றுவது | தட்டு, கும்பா |

## என் கட்சி

உள்ளே நாலாவது வழி, வெளியே உங்கள் வாழ்க்கைக்கு ஏற்ற கூடு. லாக்கரில் வைப்பவருக்குப் பிளாஸ்டிக் டப்பா. அழகு பார்க்காதீர்கள், லாக்கருக்குள் யார் பார்க்கப் போகிறார்கள். விசேஷத்துக்கு விசேஷம் ஊர் ஊராகக் கொண்டுபோகும் வீட்டுக்குக் கேமரா பெட்டியின் கூடு. பீரோவில் வைத்து, வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டும் வீட்டுக்குத் தேக்கு. தேக்கானால் செம்பை முதலில் அந்தப் பழுப்புத் துணிப்பையில் போட்டு, பிறகு நுரைப் பள்ளத்தில் வையுங்கள். அப்போது பள்ளத்தை இன்னும் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்க வேண்டும். கையில் செய்ய நேரமே இல்லை என்பவர்கள், பேக்கிங் நுரை வெட்டித் தரும் கடையில் அட்டை அச்சைக் கொடுத்தால் வெட்டிக் கொடுப்பார்கள். செம்பைக் கடையில் விட்டு வர வேண்டியதில்லை, அச்சு மட்டும் போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் உள்ளே போடும் துணியையும் நுரையையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1973இல் ஆண்ட்ரூ ஆடி என்பவர் கொண்டுவந்த சோதனை ஒன்று இன்றைக்கும் உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் நடக்கிறது. சோதிக்க வேண்டிய பொருளோடு வெள்ளி, தாமிரம், ஈயத் துண்டுகளை ஈரமான மூடிய குடுவையில் 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைத்து, எந்த உலோகம் கெடுகிறது என்று பார்ப்பார்கள். வீட்டில் அதன் ஏழை வடிவம் செய்யலாம். நன்றாகக் கழுவிய இரண்டு ஊறுகாய் பாட்டில். இரண்டிலும் மினுக்கிய சிறு வெள்ளித் துண்டும், ஒரு சின்ன மூடியில் வைத்த ஈரப் பஞ்சும். ஒன்றில் மட்டும் உங்கள் துணி அல்லது நுரைத் துண்டு, வெள்ளியில் படாமல். இறுக்கி மூடி, ஃபிரிட்ஜின் மேலே மாதிரி வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மாதம். துணி இருக்கும் பாட்டிலில் மட்டும் வெள்ளி மங்கினால் அந்தத் துணி வேண்டாம். மங்காவிட்டால் முழு உத்தரவாதம் என்று அர்த்தமில்லை. சூடு குறைவென்பதால் நம் சோதனை மெதுவானது. ஃபெல்ட் துணியில் சந்தேகம் இருந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி கலந்திருக்கிறது.

சிலிகா ஜெல்லை வெள்ளியில் படாமல் ஒரு மூலைப் பள்ளத்தில் வையுங்கள். நிறம் மாறும் ரகமாக வாங்கினால் ஈரம் குடித்து நிறைந்ததும் நீலம் இளஞ்சிவப்பாகும், அல்லது ஆரஞ்சு பச்சையாகும். உள்ளே வைப்பதற்கு முன் செம்பில் கைரேகை இருக்கக் கூடாது. வியர்வை உப்பின் தடம் அப்படியே பதிந்துவிடும். மூடியின் உள்பக்கம் செம்பின் போட்டோவும், எந்தப் பள்ளத்தில் எது என்ற குறிப்பும் இருக்கட்டும். வெளிப்பக்கம் எதுவும் எழுதாதீர்கள்.

என் பெட்டியில் இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவின் ஒற்றை மெட்டி, ஜோடி தொலைந்துபோனது. பளபளவென்று மினுக்கி, சிலிகா ஜெல் பொட்டலத்துக்குப் பக்கத்தில் காவலுக்குப் போட்டிருக்கிறேன். சரஸ்வதி பூஜைக்குப் பெட்டியைத் திறக்கும்போது முதலில் அதைத்தான் பார்ப்பேன். மெட்டி வெளுப்பாக இருந்தால் செம்பைத் தொடவே மாட்டேன், மூடிவிடுவேன். மூன்று வருஷமாக மூடிக்கொண்டுதான் இருக்கிறேன்.